நான்காவது அடுக்கில் இன்னாசி

அடைக்கலமேரியின் புருஷன் இன்னாசி பல வருஷங்கள் மாநில நெடுஞ்சாலையின் நான்காவது தார் அடுக்கில் இருந்தான். ஐந்தாவது அடுக்கு என்பாரும் உண்டு. இதைச் சொல்பவருக்கே ஞாபகம் முன்பின்னாகத்தான் இருக்கிறது. திருவொற்றியூரில் கிளம்பி மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி போய்ச் சேரும் ரோடு அது. யாரோ ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று அவசரமாகத் தார் போட்ட ஒரு காலையில், எல்லோரையும் சந்து வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். இன்னாசிக்கு மணலியில் ஒரு குழாய்க் கம்பெனியில் காலை ஷிப்ட். "யோவ், சைடுல போய்யா!" என்று ரோலர்காரர் கத்தினார். "ஷிப்ட் பூட்ச்சின்னா உங்க நைனாவா சம்பளம் குடுப்பாரு?" என்று கேட்டுவிட்டு இன்னாசி சூடான தாரில் சைக்கிளை இறக்கினான். பெரிய மனிதரின் கார் நெருங்கிவிட்டதாகத் தகவல் வந்திருந்ததால் ரோலரை நிறுத்த வழியில்லை. வேலை சுத்தமாக முடிந்தது. பிற்காலத்தில் அந்த ரோட்டில் குழி விழாத இடம் அது ஒன்றுதான்.

இது அடைக்கலமேரிக்குத் தெரியாது. புருஷனைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போன இடத்தில், பொன்னேரிப் பக்கம் அவருக்கு வேறு குடும்பம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருக்கும் என்று நம்பத் தொடங்கியிருந்தாள். அந்தக் கோபத்திலேயே மீன் வலை பின்னி, இறால் உரித்து, நரைத்தும் போனாள். ராயபுரத்தில் இருந்த அவள் சொந்தக்காரர்கள் அவன் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கலாம் என்றபோது, ஓடிப்போனவனுக்கு எதற்குப் பூசை என்று மறுத்துவிட்டாள்.

அந்த ரோட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய தாரைச் சுரண்டவே மாட்டார்கள். அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றுவார்கள். தேர்தலுக்கு ஒரு தரம், மழைக்கு ஒரு தரம் என்று ரோடு உயர உயர, வீடுகள் இறங்கின. மேரியின் வாசலில் ஏறுவதற்கு இருந்த படிகள் முதலில் காணாமல் போயின, பிறகு இறங்குவதற்குப் படிகள் முளைத்தன. ஜன்னல் வாசலாயிற்று. பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷாகுல் ஹமீது பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டினார். ஒரு டிசம்பரில் அவர் கடைக்குள் கெளுத்தி மீன் பிடித்தார்கள். அந்த மழைத் தண்ணீரை இறைத்து முடித்த மறுநாள், மேரி கீழே அடைபட்டுக் கிடந்த பழைய வாசல் கதவைத் தள்ளித் திறந்தாள். எதிரே ரோட்டின் பக்கவாட்டு, பிய்த்த பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக நின்றது. அடியில் எண்ணூர் உப்பளத்து மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உச்சியில் காட்டுப்பள்ளிக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். நடுவில் ஒரு அடுக்கு. ஒரு சாண் கனம்தான் என்றாலும் உள்ளே ஆள் உயரத்துக்கு இடமும் காலை வெயிலும் இருந்தன. அதில் இன்னாசி மிதித்துக்கொண்டிருந்தான்.

"அத்தே, நீ எப்ப வந்த? மேரி இன்னா பண்ணிகினுகீது?" என்றான் அவன்.

"அத்தையா? உன் மூஞ்சி. நான்தான்யா மேரி."

இன்னாசி ஒரு நிமிஷம் பெடலை நிறுத்திப் பார்த்தான். "காலைலதான பாத்தேன், நல்லாத்தானே இருந்த?" என்றான். பிறகு, லேட்டாகிறது என்று மிதிக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் ஓடிப்போகவில்லை என்று தெரிந்ததும் மேரி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து போய்ச் சுறாப்புட்டு கிளறினாள். அதன் பிறகு தினமும் கதவிடுக்கில் சாப்பாடு போயிற்று. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வாங்கித் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்பான். வெளியே வா என்றால் மட்டும் வரமாட்டான். ஷிப்ட் போய்விடுமாம்.

அப்போதுதான் வினிதா என்ற இளம் இன்ஜினீயர் வந்து, இந்த முறை பழைய தாரை மண் வரைக்கும் சுரண்டப் போகிறோம் என்று அறிவித்தாள். தெருவே வெடி வெடித்தது. மேரி மட்டும் அவளைக் கீழே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள். வினிதா பார்த்தாள். "உள்ள ஆள் இருக்கார்னா மெஷின் ஓட்ட முடியாதும்மா. ஆனா வெள்ளிக்கிழமைக்கு மேல நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. சுரண்டுற தாரை உருக்கிப் பொன்னேரிப் பக்கம் போட்ருவாங்க. அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள்.

மேரி கெஞ்சினாள், திட்டினாள், சோற்றை நிறுத்திப் பார்த்தாள். கம்பெனி மூடி வருஷக்கணக்காயிற்று என்று சொன்னதற்கு, போகும்போது பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை மெஷின் வந்து நின்றது. அதன் உறுமலில் வீட்டுப் பாத்திரங்கள் ஆடின. மேரி சைக்கிள் கடைக்கு ஓடினாள். "பாய், அந்தாளு சாமி சொன்னாலும் ஷிப்ட உடமாட்டான். சங்கம் சொன்னா உடுவான். நீ வா."

"இன்னா மேரிம்மா, தொண்ட வேற கட்டிகினுகீது" என்றபடியே ஷாகுல் ஹமீது வந்தார். ஒரு காலத்தில் அந்தக் குழாய்க் கம்பெனி வாசலில் சங்கத்துக்காகக் கோஷம் போட்ட தொண்டை அது. பழைய கதவருகே நின்று முஷ்டியை உயர்த்தி, "ஸ்ட்ரைக்கு! ஸ்ட்ரைக்கு! கேட்டத் தாண்டுறவன் கருங்காலி!" என்றார்.

இன்னாசி பிரேக் பிடித்தான். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாய்? ஒரே நாள்ல நரைச்சிகினு வேற வந்துகீற" என்று சைக்கிளைத் திருப்பிக் கதவு வழியாக வந்தான். அன்று சைடில் போகாதவன் அவன் ஒருவன் மட்டும் அல்ல. பின்னாலேயே இன்னும் சிலர், தலையில் தார்ச் சொட்டுகளோடு, மேரியின் அடுப்பங்கரையைக் கடந்து படியேறிப் போய் மெஷின் முன்னால் மறியலில் உட்கார்ந்தார்கள். கோரிக்கை என்னவென்று வினிதா கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்ததும் எழுந்துவிட்டார்கள். உப்பு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்ட்ரைக் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியவில்லை.

ரோடு சுரண்டப்பட்டது. உப்பு வண்டிகள் உருகிப் பொன்னேரிப் பக்கம் போயின. அந்த ஊர் மாடுகள் இன்றைக்கும் நடுரோட்டில் நின்று தாரை நக்குகின்றன. ஷாகுல் ஹமீதின் கடைக்கு வெயில் வந்தது. கண் கூசுகிறது என்று அவர் சாக்கு கட்டியிருக்கிறார். வினிதாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. மறியலில் உட்கார்ந்தவர்கள் அவரவர் வீட்டைத் தேடிப் போனார்கள், பாதிப்பேருக்கு வீடு இருந்தது. மணலிக் கம்பெனி இருந்த இடம் கண்டெய்னர் யார்டாகிவிட்டதால், இன்னாசி அங்கே வாட்ச்மேன். ஞாயிறுதோறும் மேரியைப் பூசைக்குக் கூட்டிப்போகிறான். முட்டிவலிக்காரி என்பதால் கோயில் படிகளில் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றுகிறான். புதிதாக வருபவர்கள் பையனா என்று கேட்டால், "வூட்டுக்காரரு. ரோட்ல மாட்டிகினாரு, லேட்டாய்ட்ச்சு" என்கிறாள் அடைக்கலமேரி. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களும் அந்த ரோட்டில்தான் வந்திருப்பார்கள்.