ஏழாம் மேசையின் லேபிள்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஆக்லாந்து மாங்கெரேயின் அந்தக் குளிர்கூடத்தில் கைகள் மரத்துப்போயிருந்தன. ஆட்டிறைச்சிப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. தூக்கு, லேபிளைக் கிழி, ஒட்டு, தள்ளு. முன்பு நிமிடத்துக்கு ஒன்பது பெட்டி; போன மாதத்திலிருந்து பதினான்கு. முதுகை நிமிர்த்தினால் மேலாளரின் கண் சுடும்.

மேசை பன்னிரண்டு, ஆள் பதினொன்று. ஏழாம் மேசைக்காரன் செமிசி விரல்களில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். லேபிள் அச்சிடும் பொறியின் தலையைச் சூடு ஆறுமுன் துடைத்ததில் விரல் வெந்துவிட்டது. ஆற வைக்க முன்பு ஐந்து நிமிடம் உண்டு, அதையும் பிடுங்கிவிட்டார்கள். அது போதாதென்று, பார்கோடு படிக்கவில்லை எனத் திரும்பி வந்த நானூறு பெட்டிகளின் பழியும் அவன் தலையில்தான் விழுந்தது.

பொறிகளைப் பழுது பார்ப்பவள் லூபே. மடிக்கணினியை ஏழாம் மேசைப் பொறியோடு இணைத்து, கோளாறு கண்டறியும் மென்பொருளைத் திறந்தாள். மேலாளர் கிரேம் பின்னால் வந்து நின்றார்.

"செமிசிதான் செட்டிங்கைக் கெடுத்தான்னு எழுதி அனுப்பு. அவனை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"பாத்துட்டு எழுதறேன் கிரேம்."

"பாக்க என்ன இருக்கு?"

இருந்தது. பொறியின் அச்சு வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். வேகம் கூடினால் அச்சு மங்கும். அதைச் சரிக்கட்டச் சூட்டு அளவை உச்ச எண்ணான முப்பதுக்கு ஏற்றியிருந்தார்கள். பார்கோடின் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாற்றியது அலுவலகக் கணினி, செவ்வாய் மதியம் இரண்டு பத்து. அந்த நேரத்தில் செமிசி மாமனாரின் அடக்கத்தில் பாடிக்கொண்டிருந்தான்.

"இது உங்க ரூம் கணினி."

கிரேம் குரலைத் தணித்தார். "ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு ஒரு போன் போதும் லூபே. நாளைக்கே உன் இடத்துல வேற ஆள்."

பதினொரு வருடம் இந்தக் குளிரில் நின்றவளை ஒரே போனில் துடைத்தெறிய முடியும். என்ன பிழைப்பு இது.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் பொறி தன் செட்டிங் நிலவரத்தை ஒரு லேபிளில் தானே அச்சிட்டுத் தரும். தினமும் காலையில் அதை எடுத்துப் படிக்காமலே குப்பையில் போடுவது அங்கே வழக்கம். லூபே இன்று அதைக் கிழித்துத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டாள்.

எட்டாம் மேசை வைனே சிரித்தாள். "என்னக்கா, உனக்கே விலை போட்டுக்கிட்டியா?"

"சூடு முப்பது. உன் பொறி என்ன சொல்லுதுன்னு கேளு."

வைனே பொத்தானை அழுத்தினாள். முப்பது. அவள் சிரிப்பு நின்றது. "அப்ப அடுத்து வேகப்போறது என் விரலா?"

அடுத்த மேசையிலும் முப்பது. அதற்கடுத்ததிலும் முப்பது. ஒருவர் பின் ஒருவராக மார்பில் லேபிளை ஒட்டிக்கொண்டார்கள். பெட்டிகள் தேங்கி ஒன்றையொன்று முட்டின.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார் கிரேம்.

"பொறியை ஆற வைக்கிறோம்," என்றாள் வைனே. "அஞ்சு நிமிஷம். எங்களோடதுதானே அது."

எல்லோரும் வாசலுக்குப் போய்ச் செமிசியின் பக்கத்தில் நின்றார்கள். லூபே தன் மார்பிலிருந்த ஏழாம் மேசை லேபிளை உரித்து அவன் சட்டையில் ஒட்டினாள். அவன் கட்டுப்போட்ட கையால் அதை அழுத்திக்கொண்டான்.

கிரேம் போனைக் காதில் வைத்தார். யாரை அழைக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. நாளைக்கு வேலை உண்டா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"எத்தனை ஆள் வேணும்னு கேப்பாங்க," என்றாள் லூபே. "மேசைக்காரங்க பதினொண்ணு, செமிசி, நான். பதிமூணுன்னு சொல்லுங்க."