நீண்ட ஜெபமும் சுண்ணாம்புத் தண்ணீரும்

இஸ்ரவேல் உபதேசியார் ஜெபிக்கத் தொடங்கினால், அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். இல்லாவிட்டால் உலையில் போட்ட அரிசி ஆமென் சொல்வதற்குள் கூழாகிவிடும். நல்ல மனுஷர்தான். ஆனால் கண்டிப்பு அதிகம், அதிலும் ஜெபத்தின் நடுவில் எவனாவது கண்ணைத் திறந்தான் என்று தெரிந்தால் அவருக்குப் பொறுக்கவே பொறுக்காது. அவருடைய மகள் செல்லபாய் சின்ன வயதில் ஒரு தடவை திறந்து, பூனைக்குட்டியைப் பார்த்துச் சிரித்து, புளியங்கம்பு ருசியை அறிந்தவள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் ரசாயனத்தில் மயங்கிக் கிடந்தாள் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

அது 1934. நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயன வகுப்பு புதிதாக வந்திருந்தது. ஐந்தே ஐந்து பெண்கள். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பது, திருவனந்தபுரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால் தொடர்வது, இல்லையென்றால் குடுவைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஐந்து பேரையும் ரேந்தை என்னும் லேஸ் பின்னும் அறைக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. உபதேசியார் பள்ளிக்கூடக் கமிட்டியில் ஒருவர். “ரேந்தைன்னா கலியாணத்துக்குப் பொறவும் பிரயோஜனப்படும்” என்பது அவருடைய கட்சி.

செல்லபாய்க்கு ஊசியைக் கண்டாலே எரிச்சல். ரசாயனமோ அப்படி இல்லை. இத்தனை சிப்பியில் அமிலம் ஊற்றினால் எவ்வளவு வாயு வரும் என்ற எடைக் கணக்குகளை அம்மியில் அரைத்துக்கொண்டே மனசுக்குள் போடுவாள். விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப்போய்விட்டால் அன்று முழுக்க வாயில் பாட்டுதான். பள்ளிக்கூடத்துக்குப் போவதில் அவளுக்கு இருந்த சந்தோஷமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது.

எழுதுவதில்தான் ஆரம்பத்தில் சறுக்கினாள். முதல் பரிசோதனையைப் பற்றி அவள் எழுதிக்கொடுத்தது இப்படி இருந்தது: ‘கர்த்தருடைய மட்டற்ற கிருபையால் அமிலத்தை ஊற்றினோம். அவருடைய சித்தப்படி குமிழிகள் எழும்பின. எங்கள் உள்ளங்கள் களிகூர்ந்தன. ஆமென்.’ மதராஸில் படித்துவிட்டு வந்திருந்த ராகேல் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சபையிலே சாட்சி சொல்லுத மாதிரி இருக்கு செல்லபாய். என்ன எடுத்தே, என்ன செய்தே, என்ன கண்டே, அவ்வளவுதான் வேணும். காணாததை எழுதப்படாது. கண்டதை விடவும் படாது.”

அந்த வார்த்தையைச் செல்லபாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு டீச்சர் எளிய பரிசோதனை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குடுவையில் சலவைக்கல் துண்டுகளைப் போட்டு அமிலம் ஊற்றினால் கரியமில வாயு வரும். அதை ஒரு குழாய் வழியாகத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் பாலாக வெளுக்கும். சலவைக்கல்லுக்கு எங்கே போவது? ஐந்து பேரில் ஒருத்தியான கொளச்சல்காரி செசிலி கடற்கரைச் சிப்பியை மடி நிறையக் கொண்டுவந்தாள். ரசாயனத்தில் இரண்டும் ஒரே சரக்குதான். செசிலிக்குக் கை தாராளம். குடுவையில் பாதிக்குக் குறையாமல் அள்ளிப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் வாசல்படியில் கால் வைத்தார். அவர் வந்து நிற்கும் நேரத்துக்குத் தண்ணீர் வெளுக்கட்டும் என்று டீச்சர் அமிலத்தை ஊற்றிவிட்டார். குடுவைக்குள் சளசளவென்று நுரை கிளம்பியது. அப்போதுதான் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் கையை உயர்த்தினார்.

“முதல்லே ஜெபம்.”

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜெபமில்லாமல் சாக்பீஸைக்கூடத் தொட மாட்டார்கள். வழக்கமாக ஒரு பெண் நாலு வரி சொல்லி முடித்துவிடுவாள். அன்று கமிட்டிக்காரர் வந்திருந்தாரே, விடுவார்களா?

“உபதேசியார் ஐயா நடத்துங்கோ” என்றார் பெரிய டீச்சர்.

செல்லபாய் குடுவையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள், இன்ஸ்பெக்டர் உட்பட. உபதேசியார் உலகத்தின் சிருஷ்டிப்பிலிருந்து தொடங்கினார்.

குழாயில் குமிழி போகும் சத்தம் களக் களக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது செல்லபாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள்.

வெளுத்திருந்தது! அவ்வளவு அழகாக, கறந்த பால் மாதிரி. துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ‘இப்ப ஆமென் சொல்லுங்கப்பா’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். உபதேசியார் மகாராஜாவுக்கான வேண்டுதலை முடித்து, “கடைசியாக” என்றார். அப்பாடா என்று இருந்தது. அவரோ சற்று நிறுத்தி, பேச்சிப்பாறை அணைக்குப் போனார், அங்கிருந்து ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் போய்க் கட்டில் கட்டிலாக விசாரிக்க ஆரம்பித்தார்.

வாயு நிற்கவில்லை. செசிலியின் சிப்பிக்கு முடிவேது? செல்லபாயின் கண்ணெதிரே பால் நீர்மோராகி, மோர் கலங்கல் தண்ணீராகி, கலங்கலும் போய்விட்டது. ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கிவிடலாம். ஆனால் ஜெபத்தின் நடுவில் எப்படி அசைவது? பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆமென்.”

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். மேஜைமேல் பளிங்குபோலத் தண்ணீர் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “இத்தனை நேரம் வாயு போயும் வெளுக்கலையே. இதில் சுண்ணாம்பு இருக்கிறதா, வெறும் கிணத்துத் தண்ணியா?” என்று கேட்டார். “வெளுத்ததா டீச்சர்?”

ராகேல் டீச்சரின் முகம் செத்துவிட்டது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? “நான் காணல்லே சார்” என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ரேந்தை அறைக் கதவு திறப்பது செல்லபாய்க்குக் காதில் கேட்பதுபோல இருந்தது.

“நான் கண்டேன் சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. பெரிய டீச்சர் திரும்பினார். செசிலி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அப்பா பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“எப்போ கண்டாய்?”

“ஜெபத்திலே சார். மொதல்லே வெளுத்துது. நிக்காம வாயு போனதுலே பொறவு தெளிஞ்சு போச்சு. வெளுப்புன்னு கண்டது சுண்ணாம்புக்கல் பொடி. அது வாயு கூடுதலா கலந்த தண்ணியிலே கரைஞ்சிரும்.”

“பாடம் ஒப்பிக்கிறாய். நீ கண்டதற்கு என்ன அத்தாட்சி?”

செல்லபாய்க்கு வீட்டு வெந்நீர்ப் பானையின் உள்ளே படியும் வெள்ளை ஓடு நினைவுக்கு வந்தது. தண்ணீரைப் பற்றிய பாடத்தில் அதற்கு ஒரு கேள்வியே உண்டு. மூன்று தடவை எழுதிப் பார்த்திருந்தாள்.

“காய்ச்சிப் பாக்கலாம் சார். சூட்டிலே வாயு வெளியே போயிரும், கரைஞ்சது திரும்பவும் வெள்ளையா வரும். வெறும் தண்ணியா இருந்தா வராது.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “காய்ச்சு.”

சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஸ்பிரிட் விளக்கின்மேல் பிடித்தாள். சின்னச் சின்னக் குமிழி வந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் கொதித்தது. மெல்ல, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. அடுத்த நிமிஷம் குழாய் முழுக்க வெள்ளை!

செசிலி கை தட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டர் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புத்தகத்தில் உள்ளதைக் காட்டுகிற பள்ளிக்கூடங்கள் நிறைய உண்டு, கண்டதைச் சொல்லுவதுதான் அபூர்வம்” என்றார். “வகுப்பு தொடரட்டும். இந்தப் பெண் இதை எழுதித் தரட்டும், எனக்கு ஒரு பிரதி வேண்டும்.”

ராகேல் டீச்சர் எல்லார் முன்னிலையிலும் செல்லபாயைக் கட்டிக்கொண்டு அழுதார். செல்லபாயும் அழுதாள். சந்தோஷம்தான், ஆனாலும் பாதி அழுகை வீட்டுக்குப் போவதை நினைத்து வந்தது.

வழியில் உபதேசியார் குடையை ஊன்றி முன்னால் நடந்தார். செல்லபாய் இரண்டடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

“ஏட்டி” என்றார் வேப்பமூட்டுச் சந்திப்பு தாண்டிய பிறகு. “எழுதிக் குடுத்தியே, அதுலே நேரத்தப் போட்டியா?”

“எந்த நேரம்ப்பா?”

“வெளுத்ததுக்கும் தெளிஞ்சதுக்கும் நடுவுலே உள்ளது. அதில்லாம என்ன எழுத்து?”

“கடியாரம் பாக்கல்லேப்பா. பயந்துட்டு நிண்ணேன்.”

“ம்.” கொஞ்ச தூரம் நடந்தார். “குழாய் நுனியிலே மொதல்லே புகை மாதிரி ஒண்ணு சுத்திச்சே, அதையும் விட்டுருப்பே. பொறவுதானே மொத்தமும் வெளுத்துது.”

செல்லபாய் நடுரோட்டில் நின்றுவிட்டாள். அவள் கண்ணைத் திறந்தபோது தண்ணீர் ஏற்கெனவே வெளுத்திருந்தது. புகையை அவள் காணவேயில்லை.

“அப்பா! அப்போ நீங்க?”

உபதேசியார் முன்னும் பின்னும் பார்த்தார். சபைக்காரர்கள் யாரும் தென்படவில்லை. அவர் மீசை துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“வெளுத்த ஒடனே ஆமென் சொல்லியிருந்தா ஒரு பாடும் இல்லியே! என் உசிரே போச்சு. எதுக்குப்பா அவ்வளவு நீட்டுனீங்க?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன் மக்கா” என்றார் உபதேசியார். “அதுக்குள்ளே அது தெளியத் தொடங்கிச்சு. பாதியிலே எப்படி விட?”