புளிச்சைக் கீரை வழக்கு

"பற்றிக் மரியாம்பிள்ளை" என்று நீதிமன்றச் சேவகன் இரண்டாம் தரம் கூப்பிட்டபோது, மக்டலின் விறாந்தையில், அப்பாவின் வழக்கைப் பேசும் பிரக்கிராசியார் மர்சூக்கின் முன்னால் நின்றாள். விடியற்காலையில் அப்பா செத்துப்போன செய்தியை அப்போதுதான் அவரிடம் சொல்லி முடித்திருந்தாள்.

மர்சூக் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"கொழும்பில இருந்து ரிப்போட் வந்திருக்கு புள்ள. அது கஞ்சா இல்லையாம், புளிச்சைதானாம். ஆனா எதிரி, அதான் உன்ட அப்பா, மவுத்து எண்டு சொன்னா வழக்க அந்த இடத்திலேயே மூடிருவாங்க. இத ஒருத்தரும் வாசிக்கமாட்டாங்க."

"அப்ப நான் என்ன ஐயா செய்ய?"

"உள்ள வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பொய் சொல்லாத."

மலைநாட்டுச் சிநேகிதன் கொடுத்த கீரை விதையை வேலியோரம் போட்டதுதான் அப்பா செய்த குற்றம். அறுபத்துநாலாம் ஆண்டு மாசியில் இலையின் சாயலைக் கண்ட பொலிஸார் கஞ்சா என்று செடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அப்பாவையும் சேர்த்து. செடி கொழும்புக்குச் சோதனைக்குப் போனது. பிணையில் வந்தவர் அதன்பிறகு பூசைக்குப் போகவில்லை. கோயில் வாசலில் யாரோ "கஞ்சாப் பற்றிக்" என்றது அவர் காதில் விழுந்துவிட்டது. பிறகு முளைத்த கன்றுகளையெல்லாம் மக்டலின் பயத்தில் பிடுங்கி எறிந்தாள். பாயில் விழுந்த பின்னும் மனுசன் தினமும் கேட்டது, "தபால் வந்திட்டுதா?" என்பது ஒன்றைத்தான். வந்த அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. அதை நினைக்க அவளுக்குக் கோபம்தான் வந்தது.

நீதவான் அறிக்கையை வாசித்தார். செடியைப் பிடுங்கிய சார்ஜன்ட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரி வரவில்லையா?"

"மகள் வந்திருக்கிறார்" என்றார் மர்சூக்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "அப்பாவுக்குச் சுகமில்லையா?"

"வீட்டில படுத்திருக்கார் ஐயா. எழும்ப ஏலாது."

அவளுடைய கறுப்புச் சேலையில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பேனையை எடுத்தார்.

"எதிரி குற்றமற்றவர். விடுதலை. போய் அவருக்குச் சொல்லுங்கள்."

வெளியே வந்ததும் மக்டலின் கேட்டாள். "பாதரிட்டச் சொல்ல வேண்டிய பாவமா ஐயா இது?"

"அதில பொய் எங்க புள்ள இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

தோணியில் வாவியைக் கடந்து வீடு சேர்ந்தபோது சவப்பெட்டி வந்திருந்தது. அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

"என்னத்தப் புள்ள சொன்னாய்?" என்றாள் மாமி செசீலியா.

"தபால் வந்திட்டு எண்டு."

பின்னேரம் மணி அடிக்க, அப்பா கோயிலின் முன்வாசலால் உள்ளே போனார். கஞ்சாப் பற்றிக் என்று இனி எவனும் சொல்ல ஏலாது.

அடக்கம் முடிந்து கிணற்றடியில் கால் கழுவும்போது வேலியோரம் ஒரு புளிச்சைக் கன்று கண்ணில் பட்டது. பழக்கத்தில் கை அதன் தண்டைப் பிடித்தது. பிறகு விட்டது. வாளியில் மிஞ்சிய தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.