இருபத்திரண்டாவது விளக்குக் கம்பம்

சலவைக்கடை அக்கா எடுத்த பாலத்துப் படத்தில் இருந்த ஆள் போட்டிக்கு ஒரு விளக்குக் கம்பம் வீதம் முன்னால் நடந்து வந்தான். பாலத்தில் மொத்தம் இருபத்திரண்டு கம்பங்கள்; புகைப்படச் சங்கத்தில் ஆண்டுவிழா மாதம் போக வருடத்துக்குப் பதினொரு போட்டிகள். ஆகவே அவன் வந்து சேர இரண்டு வருடம் ஆகும் என்று சங்கச் செயலாளர் தொடக்கத்திலேயே பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டார். செயலாளர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அங்கே அளந்தது போதாதென்று வீட்டுக் கதவின் உயரம், பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் என்று எதையாவது அளந்துகொண்டே இருப்பார். அவர் அளந்து சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

சங்கம் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நூலகத்து மாடியில் ஓர் அறை, பத்தொன்பது உறுப்பினர்கள், இருபது இரும்பு நாற்காலிகள், இரண்டு விளக்குகள் பொருத்திய ஒரு மரத் தாங்கி, அவ்வளவுதான். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வருவார். படங்களை ஒவ்வொன்றாகத் தாங்கியில் வைப்பார்கள். நடுவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார், இடது மூலையில் வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்பார், பிறகு இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்வார். எத்தனையோ நடுவர்கள் வந்து போனார்கள். இடது மூலை மட்டும் யாருக்கும் பிடித்ததில்லை. படம் தாங்கியில் இருக்கும்போது உறுப்பினர் யாரும் பேசக் கூடாது. யாருடைய படம் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. படத்துக்குரியவர் வாயைத் திறந்தால் படம் தகுதி நீக்கம். அதன் பிறகு அது எந்தக் காலத்திலும் தாங்கி ஏற முடியாது. தலைவரான பல் மருத்துவர் இந்த விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார். வாரமெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி அலுத்துப்போன மனிதர், சனிக்கிழமையாவது மூடியிருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. இருபதுக்கு இருபது வாங்கிய படம் சங்கத்தின் சொத்து. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, நான்கு மூலையிலும் திருகாணி முடுக்கிச் சுவரில் ஏற்றிவிடுவார்கள். முப்பது வருடத்தில் அந்தப் பாக்கியம் ஒரே ஒரு படத்துக்குத்தான் கிடைத்தது: முடிதிருத்தும் கடைக்காரர் எடுத்த மீன்கொத்தி. அது தாங்கியில் இருந்தபோது இறகை உதறி, முன்வரிசையில் இருந்தவர்களின் மேல் நாலு துளி தண்ணீர் தெளித்தது. கண்ணாடிக்குள் போட்ட பிறகு மூன்று நாள் உள்ளேயிருந்து கொத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் படிக்கிறவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று எழுதிக்கூடக் கொடுத்தார்கள். நாலாம் நாள் நின்றுவிட்டது. பழகிவிட்டது என்றார் பல் மருத்துவர். முடிதிருத்தும் கடைக்காரர் அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்ததே இல்லை.

அக்காவுக்குக் கேமரா கிடைத்தது ஒரு கோட்டுப் பையில். சலவைக்குப் போட்ட ஆள் நாலு வருடமாகியும் வரவில்லை. கோட்டைத் தொங்கவிட்டுவிட்டு கேமராவை எடுத்துக்கொண்டு சங்கத்தில் சேர்ந்தாள். தெருவில் அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் போட்ட மடிப்பில் ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க முடியாது, பேச்சில்தான் சூடு. சங்கத்தார் எல்லோரும் ஒரு காலையில் ஆற்றுப்பாலத்தைப் படமெடுக்கப் போனபோது, பழுதுபார்க்கும் வேலைக்காகப் பாலத்தை இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள். ஈ காக்கை இல்லை. ஆனால் அக்காவின் படத்தில் மட்டும் கடைக்கோடிக் கம்பத்தருகே ஒரு கரும்புள்ளி இருந்தது. அந்த மாத நடுவர் புள்ளி உறுத்துகிறது, அழித்துவிடலாம் என்று சொல்லி எட்டு மதிப்பெண் போட்டார்.

அடுத்த மாதம் கடையில் வேலை நெருக்கடி. புதிதாக எடுக்க நேரமில்லாமல் அக்கா அதே படத்தை நீட்டினாள். ஒரு படம் ஒரு முறைதான் என்று செயலாளர் முதல் மாத நகலைக் கோப்பிலிருந்து உருவி, பூதக்கண்ணாடியைப் பிடித்தார். நகலில் புள்ளி, கடைக்கோடியிலிருந்து எண்ணினால், முதல் கம்பத்தில் இருந்தது. தாங்கியில் இரண்டாவது கம்பத்துக்கு வந்திருந்தது, கால்களும் முளைத்திருந்தன. செயற்குழு ஒரு மணி நாற்பது நிமிடம் கூடிப் பேசி, ஆள் நகர்ந்திருப்பதால் படம் வேறுதான், அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. அவன் ஏன் நடக்கிறான் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை, அதனால் யாரும் பேசவில்லை.

ஏழாவது கம்பத்தில் அக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்து துணிமூட்டை சுமந்த தோள். அவளுடைய தம்பியின் தோள் அது. அன்று அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அறையைப் பூட்ட வந்தவர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி இருந்தார்கள். ஒரு மத்தியானம் தம்பியை உட்கார வைத்துவிட்டு அக்கா குளிக்க வீட்டுக்குப் போய்த் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது, அம்மாவும் போயிருந்தாள். பத்து நிமிடம்தான் ஆச்சு என்றாள் தாதி. தம்பி படியேறி வந்தான். அவன் கையில் என்ன இருந்தது என்று அக்கா பார்க்கவில்லை. "சாகக் கெடக்குறவங்கள விட்டுட்டு எங்கடா ஊர் சுத்தப் போன? இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போ!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அக்கா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். போய்விட்டான். ஆத்திரம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. தேடினாள், ஆளை அனுப்பிப் பார்த்தாள், கடிதம் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன வார்த்தை மட்டும் அவளுக்குள்ளேயே கிடந்து அறுத்தது.

படத்திலும் அவன் தலையைக் குனிந்தபடியேதான் வந்தான். முகம் காட்டவில்லை. தேய்க்கிற மேசைக்கு எதிரே படத்தை மாட்டிவைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தாள். வீட்டில் அது வெறும் காகிதம். தாங்கியின் இரண்டு விளக்கடியில், பத்தொன்பது பேர் வாயை மூடிக்கொண்டு பார்க்கும்போதுதான் அவன் நடந்தான். அங்கேயோ அவள் பேச முடியாது. பேசினால் படம் இனித் தாங்கி ஏறாது. தம்பி பாதிப் பாலத்தில் நின்றுபோவான். இருபது வாங்கினாலோ கண்ணாடி, திருகாணி. ஆகவே அக்கா மாதாமாதம் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, தோற்றுப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒன்பது என்றால் முகம் மலர்ந்துவிடும். மற்ற உறுப்பினர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

பதினாறாவது கம்பத்தில் அவன் கையில் இருந்தது என்ன என்று தெரிந்தது. பச்சை ஃபிளாஸ்க். வீட்டு ஃபிளாஸ்க்தான், மூடியில் அம்மா சுற்றிய நூல்கூட அப்படியே இருந்தது. ஊர் சுற்றப் போகவில்லை, அம்மா கேட்டு டீ வாங்கப் போயிருக்கிறான். படியேறி வந்தபோது அது அவன் கையில் இருந்திருக்கிறது. அக்கா அன்று கடையைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள்.

அவன் நெருங்க நெருங்க மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. பதினெட்டாவது கம்பத்தில் பதினைந்து, இருபதாவதில் பதினேழு. சுருக்கம் என்றாலே ஆகாத அக்கா, படத்தைச் சுற்றி ஒட்டும் அட்டையைக் கசக்கி ஒட்டினாள், கோணலாக ஒட்டினாள். இருபத்தொன்றாவதில் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு மூலையில் அழுத்திக்கூடப் பார்த்தாள். நடுவர் அதைத் துணிச்சலான புதுமை என்று பாராட்டிப் பதினெட்டரை கொடுத்தார்.

இருபத்திரண்டாவது போட்டிக்கு நடுவராக வந்தவர் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். ஆயுசில் பதினாறுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை என்று பேர் எடுத்தவர் என்பதால் அக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. படம் தாங்கியில் ஏறியது. தம்பி கடைசிக் கம்பத்துக்கு வந்து நின்றான். குனிந்த தலை, நரைத்த உச்சி, கையில் ஃபிளாஸ்க், சட்டைப் பொத்தான்களை எண்ணிவிடலாம். அதற்கு மேல் பாலம் இல்லை. அம்மையார் ஐந்து நிமிடம் பார்த்தார். இடது மூலையைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அப்போதே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்தக் குனிந்த தலைதான் படத்தின் உயிர், இந்த மனிதரின் முகம் நமக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை, இருபதுக்கு... என்று ஆரம்பித்தார். முடிதிருத்தும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவசியம் இருக்கு!" என்று அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. "தம்பி, நிமிர்ந்து பாருடா. நான் சொன்னது தப்புடா. பதினெட்டு வருஷமா உன் மூஞ்சியப் பாக்காம செத்துக்கிட்டு இருக்கேன், நிமிர்ந்து பாரு!"

பல் மருத்துவர் மணியை அடித்தார். தகுதி நீக்கம் என்று செயலாளர் எழுதத் தொடங்கினார். அதற்குள் தம்பி நிமிர்ந்தான். அம்மாவின் மூக்கு, அம்மாவின் மோவாய். வலது செருப்பு முதலில் தாங்கியின் கீழ்க்கட்டையில் பதிந்தது. பழைய தாங்கி என்பதால் செயலாளர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். படத்தின் அகலம் பதினாறு அங்குலம், ஆள் ஐந்தே முக்கால் அடி. எப்படி வந்தான் என்று அவர் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறார். அப்போ இது உங்க படமா என்று அம்மையார் அக்காவைக் கேட்டார்.

தம்பி இருபதாவது நாற்காலியில் உட்கார்ந்தான். அது அதுவரை காலியாகவே கிடந்தது. "அம்மா டீ வேணும்னாங்கக்கா. ஆஸ்பத்திரி டீ வாயில வைக்க முடியலன்னாங்க."

"தெரியும்டா. பதினாறாம் கம்பத்துலயே பாத்துட்டேன். அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்கக்கா சொல்ல விட்ட?"

அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சட்டைக் காலரைப் பார்ப்பது போல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள். சூடு ஆறியிருக்கவில்லை. நடுவர் உட்பட எல்லோருக்கும் ஊற்றியும் மீதி இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல், அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். அன்றைய பதிவேட்டில், படம் ஒன்று தகுதி நீக்கம், காரணம் பேசியது, பார்வையாளர் ஒருவர் வருகை, தேநீர் அவர் உபயம் என்று இருக்கிறது. அந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு திருப்புளி கேட்டு வாங்கி, நாற்காலி போட்டு ஏறி, மீன்கொத்தியின் கண்ணாடியைக் கழற்றினார். விதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, பல் மருத்துவர் உட்பட.

இப்போது கடையில் தம்பி தேய்க்கிறான், அக்கா மடிக்கிறாள். நாளுக்கு மூன்று சண்டை. தாங்கி ஏற முடியாத அந்தப் படத்துக்குப் பதிலாக, அடைப்பெல்லாம் எடுத்த பிறகு அக்கா அதே பாலத்தை அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்துப் போட்டிக்கு வைத்தாள். இருபத்திரண்டு கம்பம், வெறும் பாலம். புதிதாக வந்த நடுவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, எல்லாம் சரிதான், யாராவது ஓர் ஆள் நடந்து வந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். இருபதாவது நாற்காலியில் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். படம் தாங்கியில் இருக்கும்போது பேசக் கூடாது.