மாக்சின் முன்கூட்டியே சமைத்தது

நிலாவுக்குப் போனவர்கள் மூன்று பேர். ஹூஸ்டன் பேக்கரிக்காரன் செய்த கேக்கிலோ இரண்டே பொம்மைகள். மூன்றாமவன் ஓரின், கீழே இறங்காமல் தாய்க்கலத்தை ஓட்டியபடி நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் திருவிழாவுக்குள் போக, இவன் வண்டிக்குக் காவல்.

பத்திரிகைக்காரர்கள் எதிர்வீட்டு கிளெண்டாவின் புல்வெளியை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் வார்ட் நிலவில் நடந்தவன் அல்லவா! ஓரினின் மனைவி மாக்சின் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஒரே ஒரு நிருபர்தான். அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வந்தார்.

மாக்சினுக்கு அது பொருட்டில்லை. அவள் பயம் வேறு. இன்று மதியம் அந்த இருவரும் நிலவிலிருந்து கிளம்ப வேண்டும். அவர்களுக்கு இருப்பதோ ஒரே எஞ்சின். அது பற்றாவிட்டால் ஓரின் தனியாகத்தான் திரும்ப வேண்டும். அப்புறம் எதிர்வீட்டுக்காரியை எந்த முகத்தோடு பார்ப்பது?

அந்தத் தெரு முழுக்க விமானிகளின் குடும்பங்கள். விமானம் விழுந்து ஒருவன் செத்தால், சேதி சொல்ல அரசாங்கக் கார் வருமுன்னே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள், கோழியும் சோறும் சீஸும் சேர்த்துச் சுட்ட கண்ணாடிப் பாத்திரத்தோடு. அதனாலேயே, கணவன் வானத்தில் இருக்கும்போது அவன் வீட்டுக்கு யாரும் மூடிய பாத்திரம் எடுத்துப் போவதில்லை.

மாக்சின் காலையிலேயே அப்படி ஒன்று சுட்டு ஃபிரிட்ஜில் ஒளித்துவைத்திருந்தாள். அந்த நேரம் வந்தால் கைகால் ஓடாது என்ற பயம். செய்துவிட்டு, பாவம், தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

பின்கதவைத் திறந்துகொண்டு கிளெண்டா வந்தாள்.

“ஒளிஞ்சுக்க இடம் குடுடி. ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு’ன்னு ஆளாளுக்கு உயிரை வாங்கறாங்க. குடிக்க ஏதாவது இருக்கா?” என்றபடி ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள்.

பாத்திரத்தைப் பார்த்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது எனக்கா?”

மாக்சின் ஆமென்று தலையை ஆட்டினாள்.

கிளெண்டா இழுப்பறையிலிருந்து இரண்டு முள்கரண்டிகளை எடுத்தாள்.

“உக்காரு. இப்பவே தின்னு தீத்துடுவோம். மிச்சம் இருந்தாத்தானே தூக்கிட்டு வருவே?”

“கிளெண்டா, ஓரின் மட்டும் தனியா வந்துட்டா...”

“வரட்டும். அங்கயே சுத்திக்கிட்டிருந்தா என் புருஷன் பொழைச்சுடுவானா? ஆனா ஒண்ணு. அப்ப நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மனசுல வெச்சுக்காதே. இப்பச் சொல்றதுதான் நிஜம்.”

இரண்டு பேரும் ஆறிப்போன சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்கள். கலத்துப் பேச்சைக் கேட்க விண்வெளி மையத்தார் அவரவர் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த ஒலிப்பெட்டி கரகரத்தது. எஞ்சின் பற்றிக்கொண்டது.

எதிர்வீட்டிலிருந்து ஆரவாரம் கேட்டது. கிளெண்டா எழுந்திருக்கவில்லை.

“போ, உன்னைத் தேடுவாங்க.”

“தேடட்டும். உன் ஆளு இன்னும் அவங்களைப் பிடிச்சுத் தாய்க்கலத்துல சேத்துக்கணுமே.”

சாயங்காலம் வரை பெட்டி முன்னாலேயே கிடந்தார்கள். கடைசியில் ஓரினின் குரல் வந்தது. “தெரியறாங்க. பக்கத்துல வந்துட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்.”

கிளெண்டா மாக்சினின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை நாளா இந்தப் பெட்டியில ஓரின் பேசினா, எப்ப முடிப்பான், வார்ட் எப்பப் பேசுவான்னு உக்காந்திருப்பேன். இன்னிக்குத்தான்டி அவன் குரலைக் கேக்கறேன்.”

கலம் கிளம்பிய நாளிலிருந்து அழாத மாக்சின் அப்போதுதான் அழுதாள்.