டிசம்பரில் வந்த நாய்

அந்த நாய் எப்போது தன் வீட்டுக்கு வந்தது என்பது தைரியராஜுக்குச் சரியாக நினைவில்லை. புயல் அடித்த வாரம் என்பார் ஒரு நாள். புயலன்று அது ஏற்கெனவே கட்டிலுக்கடியில் படுத்திருந்தது என்பார் இன்னொரு நாள். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறியவர். தேதி போட்டு எழுதி வைக்காத எதுவும் அவர் மனதில் நிற்பதில்லை. நாய் தன்னுடையது என்பதில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. டாமி என்றால் வரும். மத்தியானம் எங்கோ போய்விடும். முதுநகர் மீன் மார்க்கெட்டுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகன் ஆன்டோ, அப்பா தனியாக இருந்தது போதும் என்று தன் பிளாட்டுக்குக் கூப்பிட்டான். நாயும் வரலாம், ஆனால் உரிமம் வேண்டும் என்றது குடியிருப்போர் சங்கம். நாய் இல்லாமல் போக அவருக்கு மனமில்லை. கடலூர் மாநகராட்சியில் போய்க் கேட்டார். ஊசி போட்ட அட்டை வேண்டும் என்றார்கள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் வெண்மதி நாயைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாடா குட்டான், மறுபடியும் வந்துட்ட?"

நாய் வாலை ஆட்டியது.

"மேடம், இவன் பேரு டாமி."

"போன மாசந்தான் சார் ஊசி போட்டேன். டைலர் தமிழ்ச்செல்வி கூட்டியாந்தாங்க. அட்ட அவுங்ககிட்டதான் இருக்கும்."

தமிழ்ச்செல்வியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவருக்கு முன்னால் நாய் உள்ளே போய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மடித்துப் போட்டிருந்த பழைய பாவாடைமேல் படுத்துக்கொண்டது. அங்கே அதற்கு ஓர் இடம் இருந்தது என்பதை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஒங்க வீட்லயா தங்கறான்? பீச்சு பக்கம் சுத்துறான்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்," என்றாள் தமிழ்ச்செல்வி. "ஒரு மணிக்கு டான்னு இங்க வந்துருவான். வெள்ளிக்கெழம மட்டும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவான். அன்னிக்கு எங்க வீட்ல கறி மீனு கெடையாது."

"எங்க வீட்லயும் வெள்ளிக்கெழம கெடையாதும்மா."

"அடப்பாவமே! ரெண்டு சாமியும் சேந்துல்ல பட்டினி போட்டுருக்குது."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிதம்பரத்தைப் பற்றிச் சொன்னார். அவள் கையிலிருந்த துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட ரெண்டு வருசம் முன்ன பொங்கலன்னிக்கு வந்துச்சு சார். போட்ட கோலத்த மிதிச்சிகினே உள்ள வந்துச்சு. ஒங்ககிட்ட எப்போ?"

"அதுக்கு முந்தின டிசம்பரு."

இவ்வளவு தெளிவாக அவர் எதையும் சொல்லி நாளாகியிருந்தது.

"அப்ப ஒங்க நாயிதான்," என்று அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதில் தன் பெயர் இருப்பதைப் பார்த்து, அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: 'இந்த நாய் முதலில் திரு. தைரியராஜ் அவர்கள் வீட்டுக்குத்தான் டிசம்பரில் வந்தது. நான் சோறு மட்டும் போட்டேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.'

மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாயிரத்திடம், ரெண்டு பேர் பெயரையும் போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்.

"ரேஷன் கார்டா சார், பேரு சேக்கறதுக்கு? ஒரு நாயி, ஒரு ஓனரு."

தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில நாள் கழித்து வந்த உரிமத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவி பெலிசியாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கேட்டருகே ஒரு நாய் நின்றது. மிச்சமிருந்த பிரியாணியை அதற்கு வைத்தார். அதுதான் முதல் நாள். பெலிசியா அதைப் பார்த்ததே இல்லை. அவள் இறந்தது தமிழ்ச்செல்வி சொன்ன அந்தப் பொங்கலுக்கு அடுத்த மாதம், பிப்ரவரியில்.

படியில் உட்கார்ந்தார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாமான் கட்டினார்.

சிதம்பரத்தில் சங்கச் செயலாளர் உரிமத்தைக் கையில் வாங்கவே இல்லை. "கொரைக்காம இருந்தா சரி பெரியவரே," என்றார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஆன்டோ காரில் அழைத்துவந்தான். நாயும் வந்தது. பெலிசியாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, தமிழ்ச்செல்வியின் தெரு முனையில் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, கழுத்துப் பட்டையைக் கழற்றினார். நாய் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அவள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அவர் அங்கே போகவில்லை.

"டாமி எங்கப்பா?"

"நீ வண்டிய எடு."

இப்போது தைரியராஜ் சிதம்பரத்தில் இருக்கிறார். ஆன்டோவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. தமிழ்ச்செல்வி பள்ளிச் சீருடை தைக்கிறாள். நாய் கடலூரில் இருக்கிறது, உரிமம் அவர் பெயரில்.