எங்கே வெட்டுப்பட்டது

நிஷான் தொழிற்சாலைப் பெல்ட்டின் வேகத்தை மறுபடியும் கூட்டினான். பாலாம்பிகைக்கு எரிச்சல் அவன்மேல் வரவில்லை. எதிரே நின்ற யெசேனியாமேல்தான் வந்தது. ஹொண்டூராஸிலிருந்து வந்து, ஏஜென்சி மூலம் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கோவா என்கிற முட்டைக்கோஸைப் பாதியாகப் பிளந்து, தண்டைச் செதுக்கி, வெட்டும் மெஷினுக்குள் தள்ளுவதை ஏதோ பந்தயம்போலச் செய்வாள். தலை நிமிர மாட்டாள். தேத்தண்ணி இடைவேளைக்கும் கடைசி ஆளாகத்தான் போவாள். அவளுடைய வேகத்தைக் கண்டுதான் நிஷான் எல்லாருக்கும் வேகத்தைக் கூட்டுகிறான் என்று பாலாம்பிகை முடிவுகட்டியிருந்தாள். கடைகளுக்குப் போகும் சாலட் பைகளை நிரப்புகிற அந்தத் தொழிற்சாலையில் பாலாம்பிகை சேர்ந்தபோது நிஷான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது அவன் சூப்பர்வைசர். அவளுடைய தோள்மூட்டோ எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலித்தது.

"செக்குமாடு மாதிரிச் சுத்துறாள். எங்களையும் சேர்த்துச் சாக்கொல்லப் போறாள்," என்று, அவர்கள் குடியிருக்கும் வில்லரேக்குத் திரும்பும் பஸ்ஸில் சொல்லுவாள். கூட வரும் தமிழ்ப் பெண்கள் யாரும் மறுப்பதில்லை.

அன்று மத்தியானம் மெஷின் அடைத்துக்கொண்டது. கத்திக்கு மேலிருந்த மூடியை நிஷான் போன கிழமையே கழற்றி வைத்துவிட்டான். மூடி இருந்தால் கழுவ நேரம் எடுக்கிறதாம். யெசேனியா அடைத்த தண்டைக் கையால் இழுத்தாள். கத்தி சட்டென்று சுழன்றது. அவள் கத்தவில்லை. வெட்டுப்பட்ட விரலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் இரத்தம் தெறித்த கோவாத் துண்டுகளைப் பெல்ட்டிலிருந்து பொறுக்கப் பார்த்தாள். அதைக் கண்டதும் பாலாம்பிகைக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் கிளம்பியது. ஓடிப்போய் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தாள்.

"விடடி அதை," என்று தமிழிலேயே கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வேண்டாமென்று நிஷான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். துணைக்குப் பாலாம்பிகையையும் ஏற்றிக்கொண்டான். அவள்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யெசேனியாவுக்கு ஃபிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான். வீட்டில். சமைக்கும்போது. கத்தி. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள்.

"அக்கா, நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ," என்றான் தமிழில். "வேலையிடமெண்டால் இன்ஸ்பெக்டர்மார் வருவினம். அவளுக்கும் அகதிக் கேஸ் நடக்குது, பாவம். பேந்து எல்லாருக்கும் கரைச்சல், பிரச்சினைதான்."

"மூடியைக் கழட்டினது ஆர்?"

"இப்ப ஏன் அந்தக் கதை? அவள் என்ன எங்கட சனமே?"

பாலாம்பிகை யெசேனியாவைப் பார்த்தாள். அந்தப் 'பாவம்' என்ற சொல் நெஞ்சுக்குள் நெருப்பாகக் கிடந்தது. யெசேனியா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தன் கேஸ் முடியாதிருந்த காலத்தில், எவன் எதைச் சொன்னாலும் தன் கழுத்தும் இப்படித்தான் ஆடியது என்று பாலாம்பிகைக்கு ஞாபகம் வந்தது. வேகத்தைக் கூட்டுகிற கை யாருடையது என்பது எனக்கு எப்போதும் தெரிந்துதானே இருந்தது? அவனை ஏச முடியாமல்தானே இவளை ஏசிக்கொண்டிருந்தேன்?

எங்கே வெட்டுப்பட்டது என்று நர்ஸ் கேட்டாள். நிஷான் சொல்லிக்கொடுத்தபடி யெசேனியா ஒப்புவித்தாள்.

"இல்லை," என்றாள் பாலாம்பிகை. "வேலையில். மெஷின். மூடி இல்லை." அவளுக்குத் தெரிந்த ஃபிரெஞ்சு அவ்வளவும் அதற்குப் போதுமாக இருந்தது.

நிஷான் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, திங்கக்கிழமை வேலைக்கு வாற எண்ணமில்லையோ?"

"அதை இந்த நர்சுக்கு முன்னால ஃபிரெஞ்சில கேள்."

அவன் கார்ச் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி வெளியே போனான். திரும்பி வரவில்லை.

அதன்பிறகுதான் யெசேனியா வெடித்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினாள். பாலாம்பிகைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது தெரிந்ததும் அவள் உடைந்த ஃபிரெஞ்சுக்கு மாறினாள். "உனக்கு இங்கே இருக்கக் காகிதம் இருக்கு. எனக்கு இல்லை. எனக்கு வேலை போகும். ஏன் சொன்னாய்? என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லைதான். பாலாம்பிகை அந்தக் கோபத்தை முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு இருந்தாள்.

"என்னை ஏசு," என்றாள் கடைசியில். அதைத் தமிழில்தான் சொல்ல வந்தது. "நல்லா ஏசு. ஆனா அவனையும் ஏசு."

விரல் நுனி போய்விட்டது. மிச்சத்தைத் தைத்துக் கட்டினார்கள். வேலையில் பட்ட காயமென்றே டாக்டர் பதிந்தார். யெசேனியா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வெளியே காற்று பனியை வாரி அடித்தது. பஸ் தரிப்பில் யெசேனியா எட்டப் போய் நின்றாள். கட்டுப்போட்ட கையை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஜாக்கெட்டின் ஸிப்பைக் கொளுவப் பார்த்தாள். அது வழுவிக்கொண்டே இருந்தது. பாலாம்பிகை கிட்டப் போனாள். குனிந்து, இரண்டு கரைகளையும் சேர்த்துக் கொளுவி, மேலே இழுத்தாள். யெசேனியா தடுக்கவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே, ஸிப் கழுத்துத் தோலில் அகப்படாதபடி தாடையை மட்டும் உயர்த்திக் கொடுத்தாள்.